கதவைச் சாத்திவிட்டு நடந்த பாடம்

ஐந்தருவியில் ஒரு வெள்ளைக்காரத் தம்பதியின் கைப்பையைக் குரங்கு தூக்கிக்கொண்டு போனதற்கு நான்தான் பொறுப்பு. அவர்கள் சுவர் ஓரமாக நின்று பலாச்சுளை தின்றுகொண்டிருந்தார்கள். குரங்கு அவர்களுக்குப் பின்னால், சுவர் மேல், பையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தது. எதிரே நின்ற எனக்கு இரண்டு தரப்பும் தெரிந்தன. தமிழில் என்றால் “ஏ, பை! பை!” என்று கத்தியிருப்பேன், காரியம் முடிந்திருக்கும். ஆனால் பழக்காரம்மா அதற்குச் சற்று முன்னால்தான், “சார் இங்கிலீஷ் வாத்தியாரு, என்ன வேணும்னாலும் அவர்ட்ட கேளுங்க” என்று தமிழிலேயே அவர்களிடம் என்னை அறிமுகப்படுத்தியிருந்தார். அந்தக் கௌரவத்தைக் காப்பாற்ற நான் ஒரு முழு வாக்கியத்தைத் தயாரிக்கத் தொடங்கினேன். எழுவாயை வைத்தேன். வினை சரியா என்று பார்த்தேன். பின்னால் என்பதற்கு மூன்று சொற்கள் வந்தன, ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். நான் வாய் திறந்தபோது பை மரத்தின் உச்சியில் இருந்தது. என்றாலும் தயாரித்ததை வீணாக்க மனமில்லாமல், உங்களுக்குப் பின்னால் ஒரு குரங்கு இருக்கிறது என்று பிழையில்லாத ஆங்கிலத்தில் சொன்னேன். அந்த அம்மாள் திரும்பிப் பார்த்தாள். குரங்கு இல்லை. என்னைப் பார்த்த பார்வையில், பை போனதை விட இந்த ஆள் கவலைக்கிடமானவன் என்பது தெரிந்தது.

தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் இடையில் ஒரு ஆங்கிலவழிப் பள்ளியில் கால் நூற்றாண்டாக ஆங்கிலம் கற்பித்து வருகிறேன் என்பதை இந்த இடத்தில் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆங்கிலத்தில் தடித்தடியான புத்தகங்களைப் படித்திருக்கிறேன். அடிக்கோடு போட்டுப் படித்திருக்கிறேன். ஆனால் நினைப்பு எனக்குத் தமிழில்தான் வருகிறது. அதற்குச் சட்டை போட்டு, பித்தான் பூட்டி, தலை சீவி வெளியே அனுப்புவதற்குள் வெளியே நடக்க வேண்டியது நடந்து முடிந்துவிடுகிறது. கற்பிக்கிறவனுக்கே இந்தக் கதி என்றால் கற்றுக்கொள்கிறவர்கள் எப்படி இருப்பார்கள் என்று எனக்குத் தானாகவே தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. சொல்ல ஒரு ஆள் வேண்டியிருந்தது. அதனால் அந்தக் குரங்கை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அறிவியல் டீச்சர் நினைவு வருகிறது. டீச்சர் மன்னிக்க வேண்டும்.

டீச்சர் இலஞ்சிக்காரர். ஸ்கூட்டியில் வருவார். என்னை விட வேகமாகவும் வழுக்காமலும் ஆங்கிலம் பேசுவார். அதை என்னிடம் காட்டிக்கொள்ளாத பெருந்தன்மையும் உண்டு. வாய் மட்டும் கொஞ்சம் காரம். ஆசிரியர் அறையில் அவர் டிபன் டப்பாவைத் திறந்தால் துவையல் வாசனையோடு யாராவது ஒருவருடைய மானமும் போகும். பெரும்பாலும் என்னுடையது.

எங்கள் தாளாளரைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அவருக்குக் குற்றாலத்தில் ஒரு லாட்ஜ் உண்டு. சீசனில் அங்கே அவர் அண்ணாச்சி. பள்ளிக்கூடத்தில் கரஸ்பாண்டென்ட் சார். இரண்டையும் மாற்றிக் கூப்பிடக்கூடாது. இளவயதில் எங்கோ ஒரு பெரிய அலுவலகத்தில் ஆங்கிலம் தெரியாமல் நின்று அவமானப்பட்டவர் என்று சொல்வார்கள். அந்த அவமானத்தை இனி யாரும் படக்கூடாது என்று பள்ளி தொடங்கினாராம். எல்லோருக்கும் சமமாகப் பங்கிட்டுக் கொடுக்கத்தான் தொடங்கினார் என்று டீச்சர் சொல்வார். லாட்ஜ் சாவிகளையும் வகுப்பறைச் சாவிகளையும் ஒரே வளையத்தில் கோத்து வைத்திருப்பார். ஒவ்வொரு சாவியிலும் அறை எண் பொறித்த பித்தளை வில்லை. அதைக் கையில் ஆட்டிக்கொண்டே தாழ்வாரத்தில் நடந்து வந்தால், கோயில் மாடு வருகிற மாதிரி தூரத்திலிருந்தே சத்தம் கேட்கும்.

தமிழ்ப் பாடவேளை தவிர மற்ற நேரத்தில் வளாகத்துக்குள் தமிழ் காதில் விழக்கூடாது என்பது அவர் போட்ட சட்டம். பத்தாம் வகுப்பில் ஆண்டுதோறும் நூறு சதவீதத் தேர்ச்சி என்பது அவர் வாங்கிய புகழ். அந்த நூறு எப்படி வருகிறது என்பது ஊரறிந்த ரகசியம். ஒன்பதாம் வகுப்பு முடியும் தறுவாயில், மாசி மாதவாக்கில், தேறுவார்களா என்று சந்தேகம் இருக்கிற பிள்ளைகளின் பெற்றோரைக் கூப்பிட்டு, உங்கள் பிள்ளைக்கு வேறு பள்ளிதான் தோதாக இருக்கும் என்று காப்பி கொடுத்துச் சொல்லி, டி.சி.யையும் கையில் கொடுத்துவிடுவார்கள். நாங்கள் யாரையும் பெயிலாக்கியது கிடையாது. பெயிலாகக் கூடியவர்களை எங்களிடம் வைத்துக்கொண்டதும் கிடையாது.

தென்காசி தனி மாவட்டம் ஆகப்போகிறது என்று பேச்சு அடிபட்ட வருடம் அது. சாரல் தூறிக்கொண்டிருந்த ஒரு ஜூன் காலையில் அந்தப் பிள்ளை ஒன்பதாம் வகுப்பில் சேர வந்தாள். தென்காசிக்காரிதான். தமிழ்வழியில் எட்டாம் வகுப்பு வரை முதல் மாணவி. அவளுடைய வாப்பா வளைகுடாவில் லாரி ஓட்டுகிறார். அங்கே சோதனைச் சாவடிகளில் எதைக் கேட்டாலும் தலையை ஆட்டி ஆட்டி அலுத்துப்போய், எம்மவ வாய் திறந்து இங்கிலீஷ் பேசணும் என்று போனில் சொல்லியிருந்தாராம். அதை அவளுடைய உம்மா, ஏதோ வேண்டுதலைச் சொல்வது போல அலுவலகத்தில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

என் வகுப்பில் அவள் பேசியது “எஸ் சார்” மட்டும்தான். எந்தக் கேள்விக்கும் அதுதான் பதில். அமைதியான பிள்ளை என்று நினைத்துக்கொண்டேன். ஆங்கில வகுப்புகளில் அமைதியான பிள்ளைகள் நிறைய உண்டு. அவர்களில் ஒருவர்கூட வீட்டில் அமைதியானவர் கிடையாது.

ஜூலை மாதத்தில் ஒரு நாள் மதியம் டீச்சர் ஆசிரியர் அறைக்குள் வந்தார். டிபன் டப்பாவைத் திறக்கவில்லை. நேராக என் மேஜைக்கு வந்து நின்றார்.

“சார், உங்க இங்கிலீஷ் அந்தப் பிள்ளைய ஒண்ணுக்குப் போக விடல.”

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவர்தான் சொன்னார். அந்தப் பிள்ளை கொண்டுவருகிற தண்ணீர்ப் பாட்டில் காலையில் எப்படி வந்ததோ அப்படியே சாயங்காலம் வீட்டுக்குத் திரும்பிப் போகிறது என்பதை இரண்டு வாரமாகக் கவனித்திருக்கிறார். அன்று இடைவேளையில் அவளைத் தனியே கூப்பிட்டு, “ஏட்டி, தண்ணி ஏன் குடிக்க மாட்டேங்க? ஒடம்பு என்னத்துக்கு ஆகும்?” என்று கேட்டிருக்கிறார். யாராவது கேட்கிறார்களா என்று சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு அவள் சொல்லியிருக்கிறாள்: “குடிச்சா போணும் டீச்சர். போணும்னா எந்திரிச்சுக் கேக்கணும். கேக்கத் தெரியாது. தப்பாக் கேட்டா எல்லாரும் சிரிக்காங்க.”

நான் உடனே, அதற்கென்ன, அந்த வாக்கியத்தை நாளைக்கே கரும்பலகையில் எழுதிப்போட்டு எல்லோரையும் சொல்லவைத்துவிடுகிறேன் என்றேன். ஆங்கில ஆசிரியனுக்கு உலகத்தில் எந்தத் துன்பமும் ஒரு வாக்கியத்தில் அடங்கிவிடும்.

“நீங்க வாக்கியத்த எழுதுங்க சார், வேண்டாங்கல. ஆனா அவளுக்கு வாக்கியமா இல்ல? வாயே இல்லாமப் பண்ணிட்டோம். வீட்டுல விட்டுட்டு வரச் சொல்லிட்டோம்.”

மறுநாள் முதல் டீச்சர் ஒன்பதாம் வகுப்புக்குள் நுழைந்ததும் கதவைச் சாத்தத் தொடங்கினார். கேட்டவர்களிடம் குரங்கு வருகிறது, பிள்ளைகளின் டிபனைத் தூக்குகிறது என்று சொன்னார். அது உண்மையும்கூட. கதவு சாத்தியபின் உள்ளே அறிவியல் தமிழில் நடந்தது. பக்கத்து வகுப்பு என்னுடையது. இடையில் பலகைத் தடுப்புதான் சுவர். அதனால் இந்தக் குற்றத்துக்கு முதல் நாளிலிருந்தே நான் காது சாட்சி. என் வகுப்பை நான் சத்தம் போட்டு வாசிக்கச் சொல்லிவிடுவேன். ஒத்தாசைக்காகத்தான் என்று அப்போது சொல்லிக்கொண்டேன். உண்மையில், அவர்கள் வாசிக்கிற நேரத்தில் நான் தடுப்போரம் நின்று அறிவியல் கேட்பேன். பள்ளிக்கூடத்தில் நான் படித்தபோது விளங்காத பல விஷயங்கள் பலகையின் இடுக்கு வழியாக எனக்கு விளங்கின.

தாளாளர் வந்தால் என்ன செய்வது? அதற்கு வகுப்பே ஒரு வழி கண்டுபிடித்திருந்தது. சாவிக்கொத்தின் சத்தம் தாழ்வாரத்தின் முனையில் கேட்டதும், டீச்சர் எதைச் சொல்லிக்கொண்டிருந்தாலும், மொத்த வகுப்பும் ஒரே குரலில், “மேட்டர் இஸ் எனிதிங் தட் ஹேஸ் மாஸ் அண்ட் ஆக்குபைஸ் ஸ்பேஸ்” என்று முழங்கும். நிறை உள்ளது, இடத்தை அடைப்பது எதுவோ அதுவே பருப்பொருள் என்று அர்த்தம். சத்தம் தாண்டிப் போகும்வரை திரும்பத் திரும்ப அதையே சொல்வார்கள். சாவிச்சத்தம் மறைந்ததும் விட்ட இடத்தில் தமிழ் தொடரும். அந்த வரியை அவர்கள் பாடமாகப் படித்தார்கள் என்று சொல்ல முடியாது. தும்மல் மாதிரி உடம்பில் ஏறிவிட்டது. தாளாளர் என்னிடம், “சயின்ஸ் கிளாஸ்ல இங்கிலீஷ் என்னா கணீர்னு வருது, பாத்தியளா?” என்பார். ஆறு மாதமாக ஒரே வரி வருகிறதே என்று அவருக்குச் சந்தேகம் வரவில்லை. ஆங்கிலம் வருகிறது என்பதே போதுமானதாக இருந்தது.

கதவுக்குப் பின்னால் அந்தப் பிள்ளைக்கு வாய் திரும்பி வந்தது. ஒரு நாள் டீச்சர் கேட்டார்: “அருவியில குளிக்கப் போறோம். எப்பக் குளிரும்? உள்ள நிக்கும்போதா, வெளிய வந்த பெறகா?”

“வெளிய வந்த பெறகுதான் டீச்சர்” என்றது தடுப்புக்கு அப்பால் ஒரு குரல். யார் குரல் என்று எனக்கு அடையாளம் தெரியவில்லை. “அப்பப் பாத்துத்தான் எங்க அண்ணன் துண்டத் தூக்கிட்டு ஓடுவான்.”

வகுப்பு சிரித்தது. “அவன விடுட்டி. ஏன் குளிருது? அதச் சொல்லு” என்றார் டீச்சர். அந்தக் குரல் விடாமல் கேள்வி மேல் கேள்வி கேட்டது. அப்படியென்றால் மண்பானைக்கும் வேர்க்கிறதா? வேர்த்தால் அதற்கும் குளிருமா? அப்படியென்றால் காய்ச்சல் வந்தவர்களுக்கு ஏன் ஈரத்துணி போடுகிறார்கள்? என் வகுப்பில் “எஸ் சார்” என்று நிற்கிற பிள்ளையின் குரல்தான் அது என்று விளங்க எனக்குப் பாடவேளை முடியும் வரை ஆயிற்று.

ஆனால் தேர்வுத்தாள் கதவுக்குப் பின்னால் இல்லை. அது ஆங்கிலத்தில் இருந்தது. ஒன்றைப் புரிந்துகொண்டு தமிழில் சிரிக்கிறவள், அதையே ஆங்கிலத்தில் எழுத உட்கார்ந்ததும், மனப்பாடம் செய்த வரிகளில் ஒன்று தவறினாலும் மொத்தமும் சரிய, பாதிப் பக்கத்தோடு தாளைக் கொடுத்துவிட்டு வருவாள். அரையாண்டில் விளிம்பில் தப்பினாள். டீச்சர் கவலைப்பட்டாலும் கலங்கவில்லை. “உள்ள இருக்கு சார். வெளிய கொண்டுவர ஒரு வருஷம் போதும். பத்தாம் வகுப்பு முழுக்க அதத்தான் செய்யப் போறேன். அவள இங்கன இருக்க மட்டும் விடணும்.”

இருக்க விடுவார்களா என்பதுதான் கேள்வி. மாசி மாதம் வந்தது. கூப்பிடப்பட்டவர்களில் அந்தப் பிள்ளையின் உம்மாவும் ஒருவர்.

டீச்சர் தாளாளரிடம் போய்ச் சண்டை போட்டார். எங்கள் பள்ளியில் அதுவரை யாரும் அதைச் செய்ததில்லை. கடைசியில் அவர், “சரி டீச்சர், நீங்க இவ்வளவு சொல்லுதிய. வாய்மொழியாப் பாத்துருவோம். நானே இருந்து கேக்கேன். இங்கிலீஷ்ல பதில் சொல்லிட்டான்னா இருக்கட்டும்” என்றார். கேள்வியை ஆங்கிலத்தில் கேட்க வேண்டியது நான். என்ன கேட்கப்போகிறேன் என்பதை டீச்சரிடம் முன்பே சொல்லிவிட்டேன். அந்த வாரம் முழுவதும் மதியச் சாப்பாட்டு நேரத்தில் டீச்சரும் அந்தப் பிள்ளையும் ஆய்வுக்கூடத்தில் உட்கார்ந்து ஆங்கிலத்தில் பயிற்சி செய்தார்கள். ஈரம் காயும்போது ஏன் குளிர்கிறது என்ற பதிலை அவள் நாலே வரியில், திக்காமல், அழகாகச் சொன்னாள். நானே கேட்டேன். உச்சரிப்பில்கூட நான் கைவைக்கவில்லை.

அலுவலக அறையில் ஏசி ஓடிக்கொண்டிருந்தது. தாளாளர் ஒரு பக்கம், நானும் டீச்சரும் ஒரு பக்கம், உம்மா நாற்காலி நுனியில். பிள்ளை நடுவில், கைகட்டி நின்றாள். தாளாளர் சாய்ந்து உட்கார்ந்து, கையிலிருந்த சாவிக்கொத்தைக் கண்ணாடி மேஜை மேல் வைத்தார்.

“மேட்டர் இஸ் எனிதிங் தட் ஹேஸ் மாஸ் அண்ட் ஆக்குபைஸ் ஸ்பேஸ்” என்றாள் அந்தப் பிள்ளை.

தாளாளர் சிரித்துவிட்டார். “நான் இன்னும் கேள்வியே கேக்கலியேம்மா! பயத்துல முந்திக்கிட்டா பாருங்க.” உம்மாவுக்குப் பெருமை தாளவில்லை. டீச்சர் என்னைப் பார்த்தார். இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் விளங்கிவிட்டது. இத்தனை மாதமாக எதை யோசித்தாலும் யோசித்தோம், இதை யோசிக்கவில்லை.

நான் அவசரமாகக் கேள்வியைக் கேட்டேன். அவள் வாய் திறந்தாள். முதல் சொல் வந்தது. அந்த நேரம் பார்த்துத் தாளாளர் காது குடைவதற்காகச் சாவிக்கொத்தை எடுத்தார். வில்லைகள் குலுங்கின. அவள் அந்த முதல் சொல்லை விட்டுவிட்டு, மேட்டர் இஸ் எனிதிங் என்று மறுபடியும் தொடங்கி முடித்தாள்.

முப்பது வருடம் லாட்ஜ் நடத்தியவர் அவர். வாசலில் வந்து நிற்கிற இருவரைப் பார்த்த மாத்திரத்தில் உண்மையிலேயே புருஷன் பெண்டாட்டியா என்று சொல்லிவிடக் கூடியவர். சாவியைப் பார்த்தார். பிள்ளையைப் பார்த்தார். டீச்சரைப் பார்த்தார். பிறகு கொத்தைத் தூக்கிப் பிடித்து ஒரு குலுக்குக் குலுக்கினார்.

அவளுக்கும் அப்போது புரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். கண்ணில் தண்ணீர் நிறைந்துவிட்டது. ஆனாலும் வாய் நிற்கவில்லை. அழுதுகொண்டே சொன்னாள். ஒரு பிழை இல்லாமல் சொன்னாள்.

“சரிம்மா, சரிம்மா, அழாத” என்றார் தாளாளர். அவர் குரல் அவ்வளவு கனிவாக இருந்து நான் கேட்டதில்லை. “இங்கிலீஷ் வேண்டாம். நம்ம பேச்சுலயே சொல்லு. ஈரம் காயும்போது ஏன் குளிருது?”

“சார், வேண்டாம் சார்” என்றார் டீச்சர்.

“நீங்க இருங்க டீச்சர். பிள்ளைக்கு என்ன தெரியும்னு பாக்கத்தானே கூப்பிட்டோம்?”

அந்தப் பிள்ளை கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எட்டு மாதமாகக் கதவு சாத்தினால் மட்டும் வருகிற குரல், முதல்முறையாக அலுவலக அறையில் வந்தது. “அருவிக்குள்ள நிக்கும்போது அவ்வளவு குளிராது சார். வெளிய வந்து நின்னாத்தான் பல்லு கிடுகிடுக்கும். ஏன்னா ஈரம் சும்மா காயாது. ஆவியாப் போகணும்னா அதுக்குச் சூடு வேணும். அது வேற எங்கன போயி வாங்கும்? நம்ம ஒடம்புலருந்துதான் எடுக்கும். எடுத்துட்டுப் போயிருச்சுன்னா நமக்குக் குளிரும். மண்பானைத் தண்ணியும் அதனாலதான் குளிருது. சாரல் நேரத்துல காத்து பூரா ஈரமா இருக்கா, அப்ப இன்னும் வேகமா ஆவியாகும், அதான் சாரல்ல அம்புட்டுக் குளிரு.” இன்னும் நிறையச் சொன்னாள். கையை ஆட்டி ஆட்டிச் சொன்னாள். பேச்சின் நடுவே ஒருமுறை சிரிக்கக்கூடச் செய்தாள். நான் தலையாட்டிக்கொண்டே இருந்தேன்.

தாளாளர் பொறுமையாக முழுவதையும் கேட்டார். முடித்ததும் டீச்சர் பக்கம் திரும்பி, “இதெல்லாம் புஸ்தகத்துல இங்கிலீஷ்லதான இருக்கு. இவளுக்குத் தமிழ்ல யாரு சொன்னா?” என்றார்.

டீச்சர், “நான்தான்” என்றார்.

நியாயமாகப் பார்த்தால் உம்மாவுக்கு மகளை நினைத்துச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். அவர் எழுந்து நின்று டீச்சரைப் பார்த்துக் கேட்டார். “தமிழ்ல படிக்கவா டீச்சர் இங்கன சேத்தோம்? அது அங்கனயே சும்மாக் கெடச்சுதே. அவ வாப்பா அந்த வெயில்ல கெடந்து சாவுதாரு. நீங்க இப்படிப் பண்ணலாமா?” குரலில் கோபத்தை விட, ஏமாற்றப்பட்டவரின் திகைப்புதான் அதிகம்.

அப்போது நான் எழுந்தேன். என் வாழ்நாளில் தயாரிக்காமல் பேசிய ஒரே ஆங்கிலம் அதுதான். இந்தப் பிள்ளைக்குப் பாடம் தெரிந்திருக்கிறது, தெரிந்ததைச் சொல்லவும் தெரிந்திருக்கிறது, மொழியைக் கொண்டுவர ஒரே ஒரு வருடம் கொடுங்கள், அவளை வெளியே அனுப்புவது நம்முடைய தோல்வி என்று ஆவேசமாகச் சொன்னேன். எங்கும் தடுக்கவில்லை. எனக்கே ஆச்சரியமாக இருந்தது. நான் முடித்ததும் தாளாளர் முகம் மலர்ந்திருந்தது. உம்மாவிடம் திரும்பி, “பாத்தியளாம்மா? சார் என்னமா இங்கிலீஷ் பேசுதாரு! உங்க பிள்ளையும் இப்படிப் பேசணும்னுதான நீங்க ஆசப்பட்டிய?” என்றார். உம்மா என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். நான் சொன்னதில் ஒரு சொல்லும் அவருக்குப் புரியவில்லை. அவருக்குப் புரிந்திருந்தாலும் பயனில்லை. புரிந்துகொள்ள வேண்டியவர் அதைக் கேட்கவில்லை, ரசித்தார்.

அந்த மாதமே அந்தப் பிள்ளை டி.சி. வாங்கிக்கொண்டு போனாள். டீச்சரை அடுத்த திங்கட்கிழமையிலிருந்து வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அவர் தன்னுடைய டிபன் டப்பாவையும், ஜன்னலோரத் தொட்டியில் வளர்த்த அவரைச் செடியையும் எடுத்துக்கொண்டார். செடி ஸ்கூட்டியில் நிற்கவில்லை. நான்தான் பின்னால் உட்கார்ந்து, அதை மடியில் வைத்துக்கொண்டு இலஞ்சி வரை போனேன்.

பிறகு நடந்ததைக் கற்பனையாக எழுதினால் யாரும் நம்பமாட்டார்கள். கொரோனா வந்தது. பள்ளிகளை மூடினார்கள். அந்தப் பிள்ளையின் வகுப்பு எழுத வேண்டிய பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு நடக்கவே இல்லை. மாநிலம் முழுக்க எல்லோரும் தேர்ச்சி என்று அறிவித்தார்கள். பாடம் தெரிந்தவனும் தேர்ச்சி, பெயரைத் தவிர எதையும் எழுதத் தெரியாதவனும் தேர்ச்சி. எந்த நூறு சதவீதத்துக்காக அவளை அனுப்பினார்களோ, அது அவள் அங்கேயே தூங்கிக்கொண்டு இருந்திருந்தாலும் வந்திருக்கும். தாளாளர் அந்த வருடமும் பேருந்து நிலையத்தில் பேனர் கட்டினார். இந்த ஆண்டும் நூறு சதவீதம். பேனரின் கீழே முகக்கவசத்தோடு நின்று அதை வாசித்தேன். முகக்கவசம் இருந்தது நல்லதாகப் போயிற்று.

பள்ளி மறுபடி திறந்தபோது வகுப்பறைகளில் கதவுகள் இல்லை. கழற்றிவிட்டிருந்தார்கள். காற்றோட்டத்துக்காக என்றார்கள். நோய்க்காலம் என்பதால் யாரும் கேள்வி கேட்கவில்லை. ஒவ்வொரு வகுப்பிலும் கேமராவும் மாட்டியாயிற்று, ஒலி பதிவாகிறதாம். இப்போது அறிவியல் முழுக்க ஆங்கிலத்தில்தான் நடக்கிறது. வகுப்புகள் மிக அமைதியாக இருக்கின்றன. குரங்குகள் தாராளமாக வந்து டிபன் எடுத்துப் போகின்றன. அவற்றை மட்டும் எந்த மொழியில் விரட்டலாம் என்று இன்னும் உத்தரவு வரவில்லை. நான் அங்கேதான் இருக்கிறேன். வேறு எங்கே போவது? எனக்குத் தெரிந்த தொழில் இது ஒன்றுதான், அதுவும் எவ்வளவு தெரியும் என்று ஐந்தருவியில் பார்த்தீர்கள்.

போன மாதம் தென்காசியில் ஒரு ஜவுளிக்கடைக்கு மனைவியோடு போயிருந்தேன். செங்கோட்டை வழியாக வந்திறங்கிய மலையாளக் குடும்பங்கள் சேலைப் பிரிவை மொய்த்துக்கொண்டிருந்தன. சீருடைச் சேலையில் ஒரு பெண், “சேச்சி, இது நோக்கிக்கே, நல்ல களறாணு” என்று மடமடவென்று மலையாளத்தில் பேசி, விலை சொல்லி, கேலி செய்து, விற்றுக்கொண்டிருந்தாள். கை ஆடுகிற விதத்தில்தான் அடையாளம் தெரிந்தது. அவளும் பார்த்துவிட்டாள்.

“சார்! நல்லாருக்கியளா? டீச்சர் எங்கன இருக்காங்க இப்போ?”

அரசுப் பள்ளியில் பன்னிரண்டு முடித்து, கல்லூரியில் இயற்பியலில் சேர்ந்து, அங்கே மறுபடியும் எல்லாம் ஆங்கிலமாக இருக்க, முதல் வருடத்திலேயே நின்றுவிட்டாளாம். வாப்பா வேலை போய் ஊர் திரும்பிவிட்டார். எல்லாவற்றையும் சேலையை மடித்துக்கொண்டே, யாருக்கோ நடந்த மாதிரி சொன்னாள். மலையாளம் எங்கே படித்தாய் என்று கேட்டேன்.

“படிக்கவெல்லாம் இல்ல சார். தப்புத்தப்பாப் பேசுனேன். அவங்க சிரிச்சிட்டே வாங்கிட்டுப் போவாங்க. அப்படியே வந்துட்டு.”

என் மனைவி ஒரு சேலையும் பிடிக்கவில்லை என்று சொல்லிவிட்டாள். அந்தப் பிள்ளை பிரித்துப்போட்டதையெல்லாம் சிரித்துக்கொண்டே மடித்து வைத்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமையே இலஞ்சிக்குப் போனேன். டீச்சர் மாடியில் டியூஷன் நடத்துகிறார். தமிழில்தான், கதவைத் திறந்து வைத்துக்கொண்டுதான். பிள்ளைகளில் பாதிப்பேர் எங்கள் பள்ளிச் சீருடைப் பையோடு வந்தவர்கள். பகலில் ஆங்கிலத்தில் கேட்டதைச் சாயங்காலம் காசு கொடுத்துப் புரிந்துகொள்கிறார்கள். பிள்ளைகள் போனபின், ஜவுளிக்கடையில் பார்த்ததைச் சொன்னேன். டீச்சர் கரும்பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்து முடித்த பிறகும் துடைத்தார். இத்தனை வருடமாக மனதில் வைத்திருந்ததைச் சொன்னேன். எத்தனையோ பிள்ளைகளைக் கேள்வி கேட்டிருக்கிறேன் டீச்சர், அன்றைக்கு அந்த அறையில் அவள் தமிழில் சொன்னதைப் போல ஒரு அற்புதமான பதிலை நான் கேட்டதே இல்லை, அதை நினைத்தால் இன்றைக்கும் சிலிர்க்கிறது என்றேன்.

டீச்சர் திரும்பிப் பார்த்தார்.

“அதுல பிற்பாதி தப்பு சார். காத்துல ஈரம் கூடுனா ஆவியாகறது கொறையத்தான் செய்யும். அவ தலைகீழாச் சொன்னா. தமிழ்ல சொன்னதுனால உங்களுக்கு வெளங்கிட்டு. வெளங்குனதும் சரியாத்தான் இருக்கும்னு நெனச்சிட்டிய.”